கிளிப்பச்சை கவுன்

கடலில் பச்சையாக ஏதாவது மிதந்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? போன வாரம் வரை எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது.

காணும் பொங்கல். மாமல்லபுரம் கடற்கரையில் மணலே தெரியவில்லை — வெறும் தலைகள். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து நண்பன் ரமேஷ் குடும்பத்தோடு வேனில் போயிருந்தேன். அவன் அக்கா கலா, ஒரே பீஸில் துணி எடுத்து, வீட்டுப் பெண் குழந்தைகள் மூன்று பேருக்கும் கிளிப்பச்சையில் கவுன் தைத்திருந்தார். "கூட்டத்துல பளிச்சுனு தெரியும்ல?" என்று பெருமை வேறு.

சாயங்காலம், அந்தப் பச்சையில் ஒன்று குறைந்தது. கலா அக்காவின் கடைக்குட்டி, நாலு வயது மோனி.

"டேய், பாப்பா எங்கடா? இப்பதானேடா இங்க நின்னுகினு இருந்தா!" என்று ரமேஷைப் பிடித்து உலுக்கினார் அக்கா.

போலீஸ் பூத் மைக் அலறியது: "கிளிப்பச்சை கலர் கவுன் அணிந்த நான்கு வயதுப் பெண் குழந்தை…" கடற்கரை மொத்தமும் பச்சையைத் தேட ஆரம்பித்தது.

நானும் ஓடினேன். அடேயப்பா, உலகத்தில்தான் எத்தனை பச்சை! பலூன். பிளாஸ்டிக் குடம். யாரோ ஒருவரின் துப்பட்டா. ஒவ்வொன்றையும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மீன் வறுக்கும் கடையில் நின்று, "பச்சை கவுன் போட்ட குழந்தை வந்துச்சாக்கா?" என்றேன். கடைக்கார அம்மா சட்டியிலிருந்து கண்ணை எடுத்து நாலா பக்கமும் பார்த்தார். "பச்சையா? இல்லியே நைனா."

அப்போதுதான் ரமேஷின் குரல். "மச்சான்… தண்ணில!"

அலைக்கு அப்பால் — பச்சை. மிதக்கிறது… முங்குகிறது… மறுபடி மிதக்கிறது. படகோரம் நின்ற மீனவர் ஒருவர் லுங்கியோடு பாய்ந்தார். கலா அக்கா அப்படியே மணலில் சரிந்தார். மீனவர் எட்டிப் பிடித்து, கையை உயர்த்திக் காட்டினார்.

கிழிந்த பிளாஸ்டிக் பை.

அக்காவுக்குத் தண்ணீர் கொடுக்கலாமென்று அவருடைய ஒயர் கூடைக்குள் கைவிட்டேன். ஈரமாக ஏதோ சுருட்டிக் கிடந்தது. வெளியே இழுத்தேன்.

கிளிப்பச்சை கவுன்!

"யக்கா… இது இன்னாக்கா?" ரமேஷ் அதைப் பிடுங்கி விரித்துக் காட்டினான்.

அக்கா அதையே வெறித்தார். "அலைல நனைஞ்சிச்சினு… நான்தான்டா கழட்னேன். அவ அண்ணன் சட்ட ஒண்ணு கெடந்துச்சி, மாட்டி வுட்டேன்…"

"இன்னா கலரு?"

"காப்பிக் கலரு."

தன் கையால் மாற்றியவருக்கே, பயத்தில் கண்முன் நின்றது ஆசையாகத் தைத்த பச்சைதான்!

ரமேஷ் பூத்துக்கு ஓடினான். புது அறிவிப்பு முடிவதற்குள் மீன் கடையிலிருந்து ஒரு கூச்சல்: "எம்மா! இங்க ஒண்ணு குந்திகினு கீதே! யாரு வூட்டுப் பையனோனு நெனச்சேன்!"

ஆமாம். அதே கடை. நான் நின்று விசாரித்த இடத்திலிருந்து கை நீட்டினால் தொட்டுவிடலாம். முழங்காலுக்குத் தொங்கும் சட்டையோடு, மீன் பொரிவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள் மோனி. மைக் அத்தனை கத்தியும் அவள் காதில் விழவில்லை. கண் சட்டிக்குள் இருந்தால் காது எங்கே இருக்கும்?

கண்ணைக் கேமரா என்கிறோம். சத்தியமாக இல்லை. கண் ஒரு ஹோட்டல் சர்வர்! மூளை ஆர்டர் கொடுத்ததைத்தான் கொண்டுவந்து வைக்கும். அன்றைக்கு நாங்கள் அத்தனை பேரும் பச்சை ஆர்டர் செய்திருந்தோம் — மைக் வைத்து வேறு. காப்பிக் கலர் பார்வையில் பட்டுத்தான் இருக்கும்… டேபிளுக்கு வரவில்லை.

அக்கா வாரி அணைத்துக்கொண்டபோது, மோனி உதட்டைப் பிதுக்கினாள். "நீ இப்டிக்கா ரெண்டு வாட்டி போன. என்னப் பாத்துகினேதான் போன."

அக்கா அந்தக் காப்பிக் கலர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வேன் கிளம்புமுன் அவர் பிள்ளைகளைக் கண்ணால் எண்ணவில்லை. இருட்டில் ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

என் தலையையும் சேர்த்து.