வேலுச்சாமி மாஸ்டர் சொல்லாமல் விட்ட வலி

வேலுச்சாமி மாஸ்டர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது அவர் சம்சாரம் சரசு. காலை பத்து மணி இருக்கும். போனில் அழுகைச் சத்தம் எதுவும் இல்லை. "நாச்சிமுத்தண்ணா, அவருக்கு வலி நின்னுருச்சுங்க" என்றது. புது மாத்திரை கேட்டுவிட்டது போல என்று நினைத்து, "அப்பாடா, தூங்கறாருங்களா அம்மிணி?" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் சரசு அழுதது.

அருள்புரம் பனியன் கம்பெனியில் அவரோடு கட்டிங் மேஜையில் நின்றவர்களும், பழனிக்கு அவரோடு நடந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நல்லதாக நாலு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அவருக்கு நடந்ததில் என் வாயும் சேர்ந்திருக்கிறது.

இருபத்தாறு வருஷம் ஒரே மேஜை. நான் துணியை அடுக்கடுக்காக விரிப்பேன். அவர் அதன்மேல் கட்டிங் மிசினை ஓட்டுவார். வெட்டிய துணியைச் சைஸ் பார்த்துக் கட்டுவதும் என் வேலை. எனக்கோ எம் எது, எல் எது என்று தெரியாது. நான் சேர்ந்த முதல் வாரமே ஒரு சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "கைநாட்டுக்கெல்லாம் எதுக்குய்யா கட்டிங் செக்சன்?" என்று கேட்டான். மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கழிவுத் துணியில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று நாடா கிழித்து என் கையில் கொடுத்தார். சின்னதுக்குப் பச்சை, நடுத்தரத்துக்குச் சிவப்பு, பெரிசுக்கு மஞ்சள். ஒரு மாசம் கழித்து அதே சூப்பர்வைசரிடம், "படிச்சவங்க கட்டுன கட்டுல பதினொண்ணு மாறியிருக்குதுங்க. இவரு கட்டுனதுல ஒண்ணுமில்லீங்க. அவங்களுக்கும் ரெண்டு நாடா கிழிச்சுத் தரட்டுங்களா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

மேஜையில் அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. மிசின் ஓடும்போது சுற்றி நிற்கிற ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. நூறு அடுக்குத் துணிக்குள் கத்தி நிற்கிறது. யாராவது சத்தம் போட்டு, அதில் கை ஒரு நூல் விலகினால் நூறு பனியனும் வீண். "கத்தி போறப்ப கத்திக்காரன் கைக்குத்தானுங்க மரியாதை. மத்ததெல்லாம் அப்புறம்" என்பார். ஒரு நாள் அந்தக் கத்தி அவர் இடது கை விரலையே பிடித்துவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. வெள்ளைத் துணி சிவந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கழுத்து வளைவை வெட்டி முடித்து, மிசினை நிறுத்திவிட்டு, "அண்ணா, மேல் ரெண்டு அடுக்கு கறையாயிருச்சுங்க, எடுத்துப் போட்டுருங்க" என்றார். ஆறு தையல். இந்தக் கதையை எத்தனை டீக்கடையில் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

குடிக்காத மனுஷனுக்கு ஈரலில் இரண்டு கட்டி வந்தது. எப்போதோ வந்த மஞ்சக்காமாலை உள்ளேயே தங்கி ஈரலைக் கெடுத்திருக்கிறது என்றார்கள். வயிற்றைக் கிழித்து எடுக்க அவர் உடம்பு தாங்காது. விலா எலும்புக்கு நடுவே ஒரு நீள ஊசியை விட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கட்டியை உள்ளுக்குள் சுட்டுவிடலாம் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டையும் முழுசாகச் சுட்டால் சில வருஷம் நன்றாக இருக்கலாம் என்றார் டாக்டர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சரசுவோடு துணைக்கு நான் போனேன்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா முதல் நாளே வந்து பேசியது. திருநெல்வேலிப் பக்கத்துப் பொண்ணு.

"ஐயா, மயக்க மருந்தக் கரைச்சு வெளியேத்துறதே ஈரல்தான். உங்க ஈரல் ஏற்கெனவே சோர்ந்து கிடக்கு. அதனால மொத்தமா ஏத்த மாட்டேன். அரைத் தூக்கத்துல வச்சுக்கிட்டு, கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொடுப்பேன். மூச்சப் பிடிங்கன்னா பிடிக்கணும். வலி எவ்வளவுன்னு கேப்பேன், ஒண்ணுமே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து. நீங்க சொல்லுத நம்பர வச்சுத்தான் மருந்து. வெளங்குதா? இப்ப எவ்வளவு?"

"ரெண்டுன்னு போட்டுக்குங்கம்மா."

"நான் போட்டுக்கிடதுக்கு இல்லய்யா. உங்களுக்கு எவ்வளவு வலிக்கு?"

"உங்களுக்கு எது சௌரியமோ அதுங்க."

அந்தப் பொண்ணு சிரித்துவிட்டது. "இந்த ஊர்க்காரங்ககிட்ட வலியக் கேட்டு வாங்கதுக்குள்ள எனக்கு வலி வந்துரும்போல!"

நாங்களும் சிரித்தோம். டாக்டரம்மா போன பிறகு மாஸ்டர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்கண்ணா, நெசமாலுமே வலிச்சா சொல்லீறலாமுங்களா?"

கேட்டாரே. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டாரே. "சொல்லுங்க, கத்துங்க, தப்பே இல்லீங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "கத்தி ஓடறப்ப சத்தம் கூடாதுன்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க. இங்கயும் அதேதானுங்க. டாக்டர் கையில ஊசி, அது நிக்கறது உங்க ஈரலுக்குள்ள. நீங்க கத்தி அவங்க கை ஆடிப்போனா? கொஞ்சம் பொறுத்துக்குங்க மாஸ்டர்."

"அதுவுஞ் சரிதானுங்க" என்றார். முகம் தெளிந்துவிட்டது. தெரியாத இடத்தில் தெரிந்த வேலை ஒன்று கிடைத்த மாதிரி.

மறுநாள் நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வந்தது. முகத்தைப் பார்த்ததுமே சரசு எழுந்து நின்றுவிட்டது. முதல் கட்டி நன்றாகச் சுட்டாகிவிட்டது. இரண்டாவது ஈரலின் மேல் ஓரத்தில், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற மூச்சுத் திரையை ஒட்டிய இடத்தில் இருந்தது. அங்கே சுட்டால் தோள்பட்டை வரைக்கும் வலி போகுமாம். "வேர்த்து ஊத்துது, நாடி ஏறுது. கேட்டா, கண்ணத் தொறந்து ரெண்டுங்காரு. எனக்கு நம்பிக்கையில்ல, மருந்தக் கூட்டினேன். அது கேக்கதுக்குள்ள உடம்பே துள்ளிட்டு" என்றது டாக்டரம்மா. ஊசி விலகி உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. அதை நிறுத்துவதே பெரும்பாடாகிவிட்டது. பாதிக் கட்டி நின்றுபோனது.

நான் சொல்லிக் கொடுத்ததை அப்போது டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. சரசுவிடமும் சொல்லவில்லை. மாஸ்டர் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர் கை ஆடிப்போச்சுங்களாண்ணா? என்னாலதானுங்க" என்பது.

மூன்று மாசம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது அந்தப் பாதி முழுசைவிடப் பெரிசாகிவிட்டது. பக்கத்தில் சின்னதாக இன்னும் சில. வயிற்றில் நீர் கோத்திருந்தது. இனிமேல் சுட முடியாது என்றார்கள். அன்றைக்குத்தான் டாக்டரம்மாவைத் தேடிப் போய் நின்று, நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். திட்டும் என்று நினைத்தேன். "மொதல்லயே சரியான நம்பர் வந்திருந்தா முன்னாடியே கூட்டியிருப்பேன்யா. கட்டிய முழுசாச் சுட்டிருக்கலாம். சுட்டிருந்தாலும் எத்தனை நாள் இருந்திருப்பாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாததச் சொல்லி உங்களத் தேத்தவும் மாட்டேன்" என்றது. என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தது.

கடைசி மாசம் வீட்டிலேயே கிடந்தார். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். வலியைக் கேட்டுக் கேட்டு, போனில் டாக்டரிடம் சொல்லி, அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சரசு கேட்கும். அவர் ரெண்டு என்பார். சரசு அதையே போனில் சொல்லும். ஒரு மத்தியானம் சரசுவை மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, "கதவச் சாத்துங்கண்ணா" என்றார். சாத்தினேன். "பக்கத்துப் பட்டறை ஓடட்டும்" என்றார். சாப்பாட்டு நேரம் முடிந்து அங்கே நிட்டிங் மிசின்கள் கிளம்பிச் சுவர் அதிர ஆரம்பித்தது. அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார். தலையணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார். முருகா என்றில்லை, அம்மா என்றில்லை. வெறும் சத்தம். மூச்சு வாங்கி மறுபடியும் கத்தினார். முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குத் தொந்தரவுங்கண்ணா" என்றார்.

சரசு வந்ததும், அவரை ஒன்றும் கேட்காமல், "பத்து அம்மிணி. போனப் போட்டுப் பத்துன்னு சொல்லு" என்றேன். அன்றைக்கே மாத்திரையைக் கூட்டினார்கள். அதற்கப்புறம் ஒன்பது நாள். பெரும்பாலும் தூங்கினார். நாக்கு ஒரு தடவை அசைந்தால் முடிகிற வேலை இது. அதை எட்டு மாசம் முன்னால் ஆஸ்பத்திரியிலேயே செய்திருக்கலாம்.

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எதற்கும் சொல்கிற மாதிரி "பரவாயில்லீங்க" என்றுதான் சொல்லியிருப்பார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து இன்னொரு முறை வாங்க எனக்கு மனசு வரவில்லை.

அவருடைய பொறுமையை நீங்கள் எல்லாரும் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது அந்த மத்தியானச் சத்தம். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா காதில் விழுந்திருக்க வேண்டியது. நான் இருக்கிறவரைக்கும் அது என்னோடு இருக்கும்.