பல்லாவரத்திலும் இதே பாறைதான்

இந்த ஜனவரியில் போடிக்குப் போக எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில் வாழ்க்கைப்பட்ட என் கல்லூரித் தோழி செல்வி புது வீடு கட்டியிருந்தாள். நான் போய்ச் சேர்வதற்கு மறுநாள் பால் காய்ச்சுவதாக இருந்தது. இன்னொரு காரணம், பாறை. அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளை நிலத்தின் ஆழத்தில் புதைத்து வைப்பதற்கான சுரங்கங்களை வடிவமைக்கும் குழுவில் வேலை பார்க்கிறேன். எங்கே புதைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. எல்லாம் காகிதத்தில்தான் இருக்கிறது. போடிமெட்டுச் சாலைக்காக வெட்டிய மலைப்பக்கத்தில் இப்படிப் புதைக்க ஏற்றதாக நாங்கள் கருதும் சார்னோகைட் என்ற கெட்டியான பாறை நன்றாகத் தெரியும் என்று கேள்வி. அலுவலகம் அனுப்பவில்லை. விடுப்பில், சொந்தச் செலவில், ஆசைப்பட்டுப் போனேன்.

மதுரையிலிருந்து போடிக்கு ரயிலில் தொண்ணூறு கிலோமீட்டர். காலையில் ஏறினால் பத்தரை மணிவாக்கில் இறங்கலாம். கூட்டமில்லை, ஜன்னலோரம் கிடைத்தது. ஸ்டேஷனிலிருந்து மெட்டுக்குப் போய்வர ஜீப்புக்கு இரண்டாயிரம் ரூபாய் பேசினேன். ஓட்டுநர் சுருளி அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும்.

"ஏலக்கா வாங்கவா போறீக?"

"பாறை பாக்கணும்ணே."

"நல்லாப் பாருங்க. காசா பணமா" என்று சிரித்தார்.

மெட்டு வரை இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மேலே வரை போய்விட்டு மதியத்துக்கு மேல் இறங்கும்போது, பாதி மலையில் நல்ல வெட்டுமுகம் ஒன்று தெரிந்தது. இறங்கி, சுத்தியலால் ஒரு சில்லுப் பெயர்த்துப் பார்த்தேன். உடைந்த இடம் பச்சையோடிய கருப்பாக மின்னியது. ஆனால் பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள், அவற்றில் நீர்க்கசிவு. எங்கள் தொழிலுக்கு ஒரே எதிரி தண்ணீர்தான். புதைத்ததை அது என்றைக்காவது மேலே கொண்டுவந்துவிடும்.

அப்போது எஸ்டேட்டில் வேலை முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப் ஒன்று பக்கத்தில் நின்றது. மலையைக் குடையப் போகிறார்கள் என்ற பேச்சு இந்தப் பக்கம் அவ்வப்போது கிளம்புவதுண்டு. முன்சீட்டில் இருந்த ஒரு அக்கா இறங்கி வந்தார்.

"என்னம்மா சோலி இங்க?"

"சும்மா பாறை பாக்க வந்தேங்க்கா."

"சும்மா பாக்கவா சுத்தியல் கொண்டாந்த?"

மழுப்பப் பிடிக்கவில்லை. என் வேலையைச் சொன்னேன். இங்கே எதுவும் வரப்போவதில்லை என்றேன். அரை கிலோமீட்டர் ஆழத்தில் சுரங்கம் வெட்டி, செம்புப் பெட்டியில் அடைத்து, ஈரம் பட்டால் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும் களிமண்ணைச் சுற்றிலும் திணிப்போம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அம்புட்டுப் பத்திரம்னா ஒங்க ஊர்லயே பொதைக்க வேண்டியதுதான? எந்த ஊரு?"

"சென்னை. பல்லாவரம்."

"அங்கிட்டுப் பாறை இல்லியாக்கும்?"

என் வீடே அந்தப் பாறைமேல்தான் நிற்கிறது.

"இருக்குக்கா, இதே பாறைதான். ஆனா அங்க ஜனங்க ரொம்ப நெறைய."



"அப்ப நாங்க கொஞ்சம்" என்றார் அவர். திட்டவில்லை. ஏறி உட்கார்ந்து, "வெரசா எடப்பா" என்றார்.

மாலையில் ராசிங்காபுரம் போனபோது எனக்கு முன்பே செய்தி போயிருந்தது. அந்த ஜீப்பில் வந்தவர்களில் பாதிப்பேர் இந்த ஊர்தானாம்; செல்வி வீட்டுக்குச் சென்னையிலிருந்து ஒரு தோழி வருவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. செல்வி வீட்டு வாசலில், புதிதாகக் கட்டிய வாழைமரத்துக்குக் கீழே, இருபது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். "எடம் பாக்க வந்த ஆளுக்கு நீங்கதான் சோறு போடுறீகளா?" என்று அவள் கணவர் பாண்டியை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுத்தேன்; யாரும் கேட்கத் தயாராக இல்லை. செல்வி என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"ஏலக்கா வாங்க வந்தேன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"என்னைப் பத்தி ஒனக்குத் தெரியாதாடி? நீ சொல்லு அவங்ககிட்ட."

"தெரியும். நீ போயிருவ. நாங்க இவுக மொகத்துலதான முழிக்கணும்."

இன்னும் பிரிக்காத என் பையை அவளே எடுத்துக் கொடுத்தாள். பாண்டி பைக்கில் போடி பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். "இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்றார், கைகூப்பியபடி. மறுநாள் அவர்கள் பால் காய்ச்சியபோது நான் மதுரையில் சென்னை பஸ்சுக்கு நின்றிருந்தேன்.

வழியெல்லாம் கோபம்தான். செல்விமேல், வாசலில் நின்றவர்கள்மேல், எல்லாரையும்விட அந்த அக்காமேல். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லாததுதான் கோபத்தைக் கூட்டியது. புதைக்க இடம் தேடும்போது பார்க்க வேண்டியவை என்று எங்களிடம் இருக்கும் பட்டியலில் விரிசலுக்கும் நீருக்கும் பக்கத்திலேயே 'மக்கள் குறைவான பகுதி' என்றும் இருக்கிறது. எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், ஒருநாளும் உறுத்தியதில்லை. திரும்பி வந்ததும், பாறையைச் சோதிக்கத் துளை போடும் முன் அந்தந்த ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். "அதைக் கடைசியில பாத்துக்கலாம்" என்றார் மேலாளர். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மெட்டில் மதியத்துக்கு மேல் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். எஸ்டேட் ஜீப்புகள் இறங்கும் நேரத்தில் வளைவுகளில் வண்டியை நிறுத்தாதீர்கள். மெட்டுக்கு பஸ்ஸும் உண்டு, செலவும் குறைவு. ஆனால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் சொல்வதற்கு முன் போடியில் ஒரு லாட்ஜில் அறை போட்டுவிடுங்கள். தோழி வீட்டை நம்பிப் போகாதீர்கள்.