பலகைத் தரை தந்த பதில்

அத்தான் மலைக்குள் ஈயம் தேடுகிறார் என்றுதான் எங்கள் குடும்பம் நம்பியது. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிதில், தீபகற்பத்தின் நடுவே ஓடும் பழைய மலைத்தொடரை ஆராய வந்த குழு ஒன்றில் என் அக்காவின் கணவர் வெடி வைப்பவராக இருந்தார். ஈயம் கிடைத்தால் துரை வீடு கட்டித் தருவார் என்று நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில் அண்டை வீட்டாரிடமெல்லாம் அம்மா சொல்லி வைத்திருந்தார். அந்த நாட்களை எண்ணும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, எங்கள் வீட்டுப் பலகைத் தரையில் அக்காவின் குதிகால் விழும் ஓசை.

அத்தானின் குழு பாறையில் துளையிட்டு, அதில் வெடிமருந்தை இறக்கி, விலகி நின்று வெடிக்க வைக்கும். பல மைல் தொலைவுக்கு மண்ணில் ஊன்றி வைத்த கருவிகள், ஆழத்துப் பாறைகளில் பட்டுத் திரும்பும் அதிர்வைப் பதிந்துகொள்ளும். அது வந்து சேர எடுக்கும் நேரத்தைக் கொண்டு, மலையின் அடி பூமிக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று கணிப்பார்கள். விடுப்பில் வந்திருந்தபோது அத்தான் இதை அம்மாவுக்கு விளக்கிப் பார்த்தார்.

“ஈயம் இல்ல அத்தே. மலைக்கு வேர் எவ்வளவு ஆழம்னு பாக்குறோம்.”

“வேரா? அத வேகவச்சுத் திங்கவா முடியும், மாப்ள?”

அம்மாவின் உதடுகளையே பார்த்திருந்த அத்தான் சற்றுத் தாமதித்துச் சிரித்தார். அந்தத் தாமதத்தின் காரணம் வீட்டில் அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். வெடிகள் அவருடைய செவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருந்தன. முதுகு காட்டி அமர்ந்திருக்கும் அவரை அழைக்க, அக்கா குதிகாலால் பலகையைத் தட்டுவாள். அவர் திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையால் தரையைத் தட்டிப் பதில் தருவார். அம்மாவுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை.

“புருஷனக் கூப்புட கால ஒதைக்கிற பொண்ண இப்பதான் பாக்குறேன். வாய் என்னா ஆச்சு ஒனக்கு?”

“வாய் நல்லாத்தாம்மா இருக்கு. ஒங்க மாப்ளதான் சோம்பேறி, கூப்பிட்டா எழுந்திரிக்க மாட்டாரு,” என்று அக்கா சிரித்து மழுப்புவாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். “யார்கிட்டயும் மூச்சு விடாதடி. ஆபீசுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வேலைய விட்டு அனுப்பிடுவாங்க.” அப்போது அவள் கர்ப்பிணி. ஊருக்குப் பக்கத்திலேயே பண்டார் ஹிலிரில் ஒரு கடையின் சரக்கறையில் ஆள் கேட்டிருந்தார்கள். மலையை விட்டு அதற்கு வந்துவிடும்படி அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“இந்த லைன் பூரா வெடி வச்சு முடியட்டும்,” என்றார் அத்தான். “புள்ள பொறக்கறதுக்குள்ள வந்துடுறேன்.” எச்சரிக்கை விசில் ஊதும்போதே சிவப்புக் கொடியையும் உயர்த்துவதற்குக் கூட்டாளி ஒருவர் இருந்தார். கொடி இருக்கும்வரை பயமில்லை என்று அக்காவைத் தேற்றிவிட்டுப் போனார்.

பிள்ளை பிறக்குமுன் ஒரு நாள் மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. அத்தான் குனிந்து துளையின் வாயை மண்ணிட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். விசில் ஊதினார்கள், கொடியும் உயர்ந்தது. பனிக்குள் கொடி அவருக்குத் தெரியவில்லை, அவரும் அவர்களுக்குத் தெரியவில்லை. விசில் கேட்டால் எவரும் விலகிவிடுவார் என்றுதானே எண்ணுவார்கள்.

துக்கம் கேட்க வந்த அதிகாரி நாற்காலியின் நுனியில் அமர்ந்து, தொப்பியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். உடன் வந்த குமாஸ்தா நடந்ததைத் தமிழில் சொன்னார். எங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தக் கடைசி வெடியின் அதிர்வு எல்லாக் கருவிகளிலும் தெளிவாகப் பதிவாகியிருப்பதாகவும் தெரிவித்தார். “ஈயம் இருந்துச்சாங்கையா?” என்று அம்மா கேட்டார். குமாஸ்தா இல்லையென்றார். அக்கா, “வேர் எவ்வளவு ஆழமாம்?” என்றாள். நினைத்திருந்ததைவிட ஆழம் என்று பதில் வந்தது. அவள் தலையசைத்தாள்; எழுந்து உள்ளே போனாள்.

அத்தான் பார்க்காத மகள் வளர்ந்து, இப்போது புக்கிட் காதில் என்ற இடத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். தன்னோடு வந்துவிடும்படி அக்காவை அழைத்து ஓய்ந்துவிட்டாள். காஜா பேராங் வீட்டின் பலகைகள் உளுத்துப்போய், தரைக்குச் சிமெண்டு போட்டாகிவிட்டது. நான் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்: அறைக்குள் நுழையுமுன் அக்கா குதிகாலால் தரையைத் தட்டுகிறாள். சிமெண்டு அதிர்வதில்லை. கதவு நிலையில் கையூன்றிச் சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறாள். அந்த வீட்டில் இப்போது அவள் மட்டும் இருக்கிறாள்.