பெட்டி சொன்னதும் நான் சொன்னதும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை. ஒவ்வொரு மெஷினிலும் சூட்டையும் அதிர்வையும் அளந்து கம்பியில்லாமல் அனுப்பும் சின்னப் பெட்டிகளை நான்தான் ஒட்டியிருந்தேன். அவை அனுப்புவதை வாங்கிக்கொள்ள, சுவரில் ஒரு பெரிய பெட்டி. வெளியாள் எவனாவது "நான்தான் மூன்றாம் நம்பர் மெஷின்" என்று பொய்த் தகவல் அனுப்பினால் பிடிப்பது அதன் வேலை. பெயரை அது நம்பாது. அலை எவ்வளவு பலத்தோடு வந்து சேர்கிறது என்று பார்க்கும்; மெஷின் நிற்கும் இடத்துக்கு இடம் அந்தப் பலம் மாறும். சரியாகப் பிடித்தால் மதிப்பெண் கொடுப்பேன், தவறினால் பிடுங்குவேன். அப்படித் தட்டுத் தடுமாறித் தானாகவே கற்றுக்கொண்டது. அதை வேடிக்கை பார்க்கவே வானகரத்திலிருந்து சீக்கிரம் கிளம்பி வருவேன்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து மெஷின் ஓடிய முதல் காலை, மூன்றும் ஐந்தும் போலி என்று பெரிய பெட்டி அலறியது. எனக்கு ஒரே குஷி. நிஜமாகவே ஒருவன் மாட்டினான்! யோசிக்காமல் முதலாளியிடம் ஓடி, "யாரோ உள்ளே கை வெச்சிருக்காங்க சார்" என்றேன். பூஜையன்று பட்டறையைப் பூட்டியவர் மூன்றாம் மெஷினை ஓட்டும் அண்ணன். பூந்தமல்லிக்காரர், பல வருஷத்து ஆள். விசாரித்து முடியும்வரை மெஷின் பக்கம் போகக் கூடாது என்று அவரை வாசலில் உட்காரவைத்துவிட்டார் முதலாளி.

எனக்கு உறுத்தியது. போலி என்றால் ஒன்று போதாதா, இரண்டு எதற்கு? பதிவுகளைப் புரட்டினேன். மூன்றின் பெயரில் வந்த அலை அப்படியே பழைய ஐந்தின் பலத்தில் இருந்தது. ஐந்தின் பெயரில் வந்தது மூன்றின் பலத்தில். வாசலுக்குப் போனேன்.

"அண்ணே, பூஜைக்குச் சின்னப் பெட்டியெல்லாம் கழட்டினீங்களா?"

"பின்ன? மிசினைக் கழுவிப் பொட்டு வெக்கணும்ல. அல்லாத்தையும் கயட்டி, தொடச்சி, நாந்தான் ஒட்டினேன். அல்லாம் ஒரே மாரிதானம்மா கீது."

ஒரே மாதிரிதான் இருந்தன; மூன்றின் பெட்டி ஐந்திலும் ஐந்தின் பெட்டி மூன்றிலும் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. வெளியே நம்பர் எழுதி ஒட்டச் சோம்பல்பட்டவள் நான். முதலாளியிடம் அதை ஒப்புக்கொண்டபோது வெட்கமாக இருந்தது. அவர் அண்ணனை வேலைக்கு அனுப்பினார், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

நான் கேட்டேன். நடந்ததை விளக்கிவிட்டு, "பெட்டி தப்பாப் புரிஞ்சிக்கிச்சு அண்ணே" என்று இழுத்தேன்.

அவர் மெஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது இன்னாம்மா தப்பா சொல்லிச்சு? மூணு மூணு இல்லன்னுச்சு, இல்லதான். ஆளு கை வெச்சான்னு சொன்னது நீதானே?"