வெள்ளைப் பூ வந்தால் டெபியன்

பாளையம்பட்டி முத்துராஜைக் கேலி செய்ய யாராவது வாயெடுத்தால் அவனே முந்திக்கொள்வான். "நான் சட்ட எடுக்கப் போனா கடைக்காரருக்குத்தான் வேர்க்கும்" என்பான். மில்லில் எலக்ட்ரீசியன். எரியாத விளக்கு ஏன் எரியவில்லை என்று நொடியில் சொல்லிவிடுவான். இரண்டு விளக்கைக் காட்டி எது நல்லது என்று கேட்டால் போச்சு.

அப்படிப்பட்டவன், மனைவி சத்யபிரியாவுக்காகப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி வந்தான். அதை இயக்க விண்டோஸ் இல்லை. இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸோ அதன் பங்காளி பிஎஸ்டியோ போட்டுக்கொள்ளலாம் என்று பெருமையடித்ததுதான் தப்பு. அவற்றிலுள்ள ஒவ்வொரு வகையையும் பென்டிரைவில் ஏற்றிப் பெண் பார்க்கிற மாதிரி பார்த்தான். உபுண்டு இந்தப் பழைய பெட்டிக்குக் கனம் என்றான். ஃபெடோரா அடிக்கடி புதுசு கேட்கும் என்றான். கடைசியில் டெபியனும் ஃப்ரீபிஎஸ்டியும் மிஞ்சின. அது சொன்ன பேச்சு கேட்கும், இது கச்சிதமாகக் கட்டிய வீடு. இரண்டுக்கும் நடுவில் லேப்டாப் சும்மா கிடந்தது.

சத்யபிரியாவுக்கோ திங்கட்கிழமை அந்த லேப்டாப்பில்தான் நேர்காணல். வீட்டிலிருந்தே பார்க்கிற கணக்கு வேலை. வருஷக்கணக்காகத் தேடிக் கிடைத்த வாய்ப்பு. அப்படியும் இவனுக்கு முடிவு மட்டும் வரவில்லை.

"காளியாத்தாட்டயே பூக்கட்டிக் கேட்டுருவோம்" என்றான். வெள்ளைப் பூ வந்தால் டெபியன், சிவப்பு வந்தால் ஃப்ரீபிஎஸ்டி. சத்யபிரியா இரண்டு அரளிப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துத் தந்தாள். காளியம்மன் கோயிலில் குலுக்கிப் போட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுத்தான். வெள்ளை. மற்றதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வந்து, அன்றைக்கே டெபியனைப் போட்டான்.

நேர்காணல் தடங்கலில்லாமல் நடந்தது, வேலையும் கிடைத்தது. முத்துராஜுக்குத் தலைகால் புரியவில்லை. ஆத்தாளுக்குக் கம்ப்யூட்டரும் தெரியும் என்று மில் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

துவைக்கப் போடும்போதுதான் அந்தச் சட்டையிலிருந்து மற்ற பொட்டலம் விழுந்தது. பிரித்தால், அதிலும் வாடிய வெள்ளை அரளி.

"டெபியன்லதான் வைஃபை தானா வந்துச்சு, நானும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள் சத்யபிரியா. "நீங்க முடிவெடுக்குறதுக்குள்ள நான் ரிட்டயர்டே ஆயிருவேன்."

அவனுக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. வரிசையாகப் பெண் பார்த்தும் அவன் முடிவெடுக்காததால், இவளுக்கும் இதே கோயிலில்தான் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை வந்தால் இவள்தான் என்றார்கள், வந்தது வெள்ளை. பொட்டலம் மடித்தது அவன் அம்மா.

"அப்ப அதுலயும் ரெண்டும் வெள்ளதானா?"

"அத அத்தைட்டல்ல கேக்கணும்" என்றாள் சிரிக்காமல்.

கேட்பதா வேண்டாமா என்று முத்துராஜ் இன்னும் முடிவெடுக்கவில்லை.