உப்பளத்தில் பிழைத்த ஆகாயத்தாமரை

மரக்காணம், 2006 தை மாதம். உப்பளத்தை ஒட்டிய கால்வாயில் ஆகாயத்தாமரை பச்சைப்பசேலென்று மிதக்கிறது. இது நன்னீர்ச் செடி, உப்பு நீரில் பிழைக்காது என்று கல்லூரியில் பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறவன் நான். அப்படியானால் இது உப்பைத் தாங்கும் புது ரகம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு கொத்தைப் பிடுங்கிக் கரையேறியதும் துறைத் தலைவருக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன். செடிக்கு என் பெயரை வைப்பதா, மனைவி பெயரை வைப்பதா என்பது மட்டும்தான் பாக்கி.

பக்கத்துப் பாத்தியில் களிமண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்த அஞ்சலை நின்று பார்க்கிறார்.

"இன்னா சார், மாட்டுக்கா?"

"ஆராய்ச்சிக்கும்மா. உப்புத் தண்ணியிலயே வளருது பாருங்க."

"இதுல உப்பு எங்க இருக்குது? மழைக்கு ஏரித் தண்ணி எறங்குச்சு, அதோட வந்துது இது. இது கருகினாத்தான் கடத்தண்ணி ஏறிடுச்சுன்னு நாங்க பாத்திக்குப் பாய்ச்சுவோம். வாயில வச்சுப் பாருங்க."

விரலை நனைத்து நக்கிப் பார்க்கிறேன். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் இதைவிட உப்பு.

உப்புக் காற்று பட்டுக் கெட்டுவிடும் என்று உறையிலிருந்தே எடுக்காத உப்பு அளக்கும் கருவி பைக்குள் பத்திரமாக இருக்கிறது.

செல்போன் அடிக்கிறது. துறைத் தலைவர். அஞ்சலையிடம் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.