வேல் இருந்த கதவு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது யாருக்கும் புரியாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு தகரக் கொட்டகையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றிவரும் பழைய வேன் வைத்திருந்தான். வாங்கிய அன்றே அதைப் பழனிக்குக் கொண்டுபோய், டிரைவர் கதவில், மேல் கீலுக்குப் பக்கத்தில், மஞ்சள் பெயிண்டில் ஒரு வேல் வரையவைத்தான். அன்றிலிருந்து தினமும் வெள்ளனே குளித்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவி, திருநீற்றைக் குழைத்துப் பூசிய பிறகுதான் வண்டியை எடுப்பான். மழையோ பனியோ, ஆறு வருஷம் இது ஒருநாளும் தவறவில்லை.

வண்டியின் பெயிண்ட் செதில் செதிலாக உரியத் தொடங்கியதும் என்னிடம் கொண்டுவந்து விட்டான். பழசின் மேலேயே அடித்தால் புதுசும் சேர்ந்து உரிந்துவிடும். முழுக்கச் சுரண்டியாக வேண்டும். காஸ்டிக் சோடாவைக் கஞ்சியில் கலந்து தகரத்தில் தடவினால் பெயிண்ட் பொரிந்து எழும்பும், சுரண்டியால் தள்ளினால் சுருண்டு விழும். பிறகு தண்ணீர் விட்டுக் கழுவி, புளித்தண்ணீரால் துடைத்துக் காரத்தை முறித்து, நன்றாகக் காயவிட வேண்டும். கொடைக்கானலில் வெயிலுக்கு எங்கே போவது? நான் காத்திருந்தேன். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

“ஏலே, மூணு நாளா என்னத்தடா சுரண்டிக்கிட்டுக் கெடக்க? அங்க பூண்டு மொளச்சுப் பயிராயிரும் போல. வெரசா முடி!”

“நீயே வந்து சுரண்டு. எனக்குக் கை வெந்து கெடக்கு.”

“வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல. இங்க பாரு, வேல் மேல சுரண்டி படக்கூடாது. சாமியப் போயி உரிக்கிறதாவது! சுத்தி மட்டும் அடிச்சு விட்டுரு.”

அவன் போனதும் கதவுக்கு வந்தேன். சுரண்டியின் பிடியால் தகரத்தைத் தட்டிக்கொண்டே போவது என் வழக்கம். நல்ல தகரம் ‘ணங்’ என்னும். வேலின் மேல் தட்டினேன். ‘பொத்’ என்றது. மறுபடி தட்டினேன், அதே சத்தம். கதவைத் தாங்கும் கீலின் திருகுகள் இருந்த இடம் அது. தினமும் ஊற்றிய தண்ணீர் இடுக்கில் இறங்கி உள்ளே துருவேற்றியிருக்க வேண்டும். உரித்தால் தெரிந்துவிடும்.

நான் உரிக்கவில்லை. சாமியும் அவனுடையது, வண்டியும் அவனுடையது, எனக்கென்ன வந்தது என்று ஒரு வீம்பு. சாயங்காலம் அண்ணன் வந்து கேட்டான்.

“உள்ள தகரம் எப்பிடிடா இருக்கு?”

“கல்லு மாதிரி இருக்கு” என்றேன்.

புதுப் பச்சை நிறத்தில் வண்டி ஓடத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பூம்பாறைச் சாலையில் ஒரு வளைவில் அண்ணன் கதவோடு சாய்ந்து திருப்பியபோது கீல் பிய்ந்தது. கதவோடு அவனும் சாலையில் விழுந்தான். வண்டி மண்மேட்டில் முட்டி நின்றுவிட்டது. அண்ணனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அதற்குப் பிறகு அவன் வண்டி ஓட்டவே இல்லை.

பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டான். “கதவச் சரியாச் சாத்தாம விட்டுட்டேன்டா, எந்தப்பு. ரெண்டடி தள்ளி விழுந்திருந்தா பள்ளம்தான். முருகன்தான் காப்பாத்துனாரு.”

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நீங்க அந்த வேல உரிக்காம விட்டீங்களே கொழுந்தனாரே, அந்தப் புண்ணியம் ஒங்களுக்குத்தான்.”

அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஊரார் மேலெல்லாம் எரிந்து விழுகிற வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

வேல் இருக்கும் தகரத்தை மட்டும் வெட்டித் தரச் சொன்னான் அண்ணன், சாமி படங்களோடு வைக்க. ஆளில்லாத நேரத்தில் வெட்டினேன். பின்பக்கம் சல்லடையாகக் கிடந்தது. அதை அப்படியே கொண்டுபோய் அவன் மடியில் வைத்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? பின்பக்கம் முழுக்க ஓட்டை அடைக்கும் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு இழைத்து, பச்சை அடித்துக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

மதினி அதற்கும் தினமும் தண்ணீர் விட்டுத் திருநீறு குழைத்துப் பூசுகிறார். வருஷத்துக்கு ஒருமுறை பட்டி உப்பி வெடிக்கப் பார்க்கும். அதற்கு முன்னாலேயே புதுசாகப் பூசிக் கொடுக்க நான் போய்விடுவேன். அண்ணன் காலை இழுத்து இழுத்து நடந்து போய், அதை எடுத்துவந்து என் கையில் கொடுப்பான்.

“பாத்தியா,” என்று மதினியிடம் சொல்வான், “நாம கேக்காமலே வந்துட்டான். எந்தம்பிக்குச் சாமி மேல எம்புட்டு பக்தி!”